முகவாதம் தேறும் நாட்களில் நீங்காத காதுவலி

“வாய் நேராகிக்கொண்டு வருகிறது, டாக்டர். காதுவலிதான் விடமாட்டேன் என்கிறது.” காது, மூக்கு, தொண்டைப் பிரிவின் புறநோயாளர் அறையில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. சிலர் காதுமடலின் பின்புறத்தைத் தொட்டுக் காட்டி, “இங்கே வீங்கினாற்போல் இருக்கிறது” என்பார்கள். கீரப்பாளையம், புவனகிரி, சேத்தியாத்தோப்புப் பக்கங்களிலிருந்து வருவோருக்கு ஒரு முறை மருத்துவமனைக்கு வந்து போவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். நடவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் அது பெரிய இழப்பு. ஆகவே, “இதற்காக வர வேண்டுமா, தானாகச் சரியாகிவிடுமா?” என்று அவர்கள் தொலைபேசியில் கேட்பது நியாயமே. அந்தக் கேள்விக்கு என்னால் இயன்ற அளவு தெளிவாக விடை சொல்லவே இதை எழுதுகிறேன்.

முகத்தின் ஒரு பாதி திடீரென்று அசைவற்றுப்போவதை முகவாதம் என்கிறோம். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். மறுபக்கத்துக் கண் மூடாது. குடிக்கும் தண்ணீர் கடைவாய் வழியே ஒழுகும். பெரும்பாலோர் இதைப் பக்கவாதம் என்று அஞ்சி ஓடி வருகிறார்கள். மூளையில் ஏற்படும் பக்கவாதத்தில் பொதுவாக நெற்றி சுருங்கும். கையோ காலோ பேச்சோ சேர்ந்து பாதிக்கப்படும். முகநரம்பிலேயே கோளாறு என்றால் அந்தப் பக்கத்து நெற்றியும் சுருங்காது. வீட்டில் இருந்துகொண்டு இந்த வேறுபாட்டை நீங்களே தீர்மானிக்க வேண்டாம். கை, கால் தளர்ந்தாலோ பேச்சுக் குழறினாலோ 108-ஐ அழைத்துவிடுங்கள்.

காரணம் எதுவும் புலப்படாமல், அதிகம் போனால் 72 மணி நேரத்துக்குள் முழு அளவை எட்டிவிடும் முகவாதத்துக்கு, 1821-இல் முகநரம்பின் பணியை விளக்கிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயர் வழங்குகிறது. உங்கள் மருத்துவச் சீட்டில் ‘பெல்ஸ் பால்சி’ என்று எழுதியிருப்பது இதைத்தான். ‘காரணம் புலப்படாமல்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். பிற காரணங்களையெல்லாம் தேடி, அவை இல்லை என்று கண்ட பிறகே இப்பெயரைச் சூட்ட வேண்டும். காதுவலி நீடிக்கும்போது நாங்கள் மறுபடியும் தேடத் தொடங்குவது இதனால்தான்.

முகத்தில் நோய், காதில் ஏன் வலி?

முகத்தை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து நேரே கன்னத்துக்கு வருவதில்லை. காதெலும்புக்குள் நுழைந்து, நடுச்செவியின் சுவரை ஒட்டி வளைந்து, காதுமடலுக்குப் பின்னால் சற்றுக் கீழே உள்ள சிறு துளை வழியாக வெளியே வருகிறது. எலும்புக்குள் அது செல்லும் பாதை ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அதன் மிகக் குறுகிய இடம் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. நரம்பு அழற்சியால் தடிக்கும்போது எலும்பு விரிந்து கொடுக்காது. நரம்பு அங்கே நசுங்குகிறது, முகம் தளர்கிறது.

அந்த நரம்பு போகிற வழியில் வேறு சில வேலைகளையும் செய்கிறது. நாக்கின் முன்பகுதிச் சுவை அதன் கிளை வழியே செல்கிறது. நடுச்செவியில் உள்ள மிகச் சிறிய தசை ஒன்றை அதுவே இயக்குகிறது. அத்தசை தளர்ந்தால் பாத்திரம் விழும் ஓசைகூடக் காதைத் துளைப்பதுபோல் கேட்கும். காதுத் துளையைச் சுற்றிய தோலின் ஒரு சிறு பகுதிக்கு உணர்ச்சி தருவதும் அதுவே. ஆகவே, நரம்பு தடிக்கும்போது காதுக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் வலிப்பதில் வியப்பில்லை. பெல் வகை முகவாதம் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இவ்வலியைச் சொல்கிறார்கள். பலருக்கு வாய் கோணுவதற்கு ஓரிரு நாள் முன்பே அது தொடங்கிவிடுகிறது.

வலி வருவது இயல்பு. எவ்வளவு நாள் இருக்கிறது, எந்தத் திசையில் போகிறது என்பவையே கவனிக்க வேண்டியவை. பெல் வகையில் முதல் சில நாட்கள் வலி கூடுதலாக இருந்து, பிறகு படிப்படியாகக் குறைந்து, பெரும்பாலோருக்கு ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும். இரவில் எழுப்பாத, நாளுக்கு நாள் மெலிந்துவரும் மந்தமான வலி மூன்றாம் வாரத்திலும் எஞ்சியிருந்தால் நான் கவலைப்படுவதில்லை. குறைந்த வலி மறுபடி ஏறினாலோ, முகம் தேறத் தொடங்காமல் வலி மட்டும் வளர்ந்தாலோ, கண்ணுக்குத் தெரியும் வீக்கம் சேர்ந்தாலோ கவலைப்படுகிறேன்.

முகம் தேறும் காலக் கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 25 ஆண்டுகள் திரட்டி 2002-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பெல் வகை முகவாதம் வந்த 1,701 பேர் எவ்வித மருந்தும் இன்றிக் கண்காணிக்கப்பட்டார்கள். 85 விழுக்காட்டினருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கியது. 71 விழுக்காட்டினருக்கு முகம் முழுமையாகப் பழைய நிலையை அடைந்தது. 2007-இல் ஸ்காட்லாந்தில் நடந்த மற்றோர் ஆய்வில், 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கி 10 நாட்கள் கொடுக்கப்பட்டவர்களில் 94 விழுக்காட்டினர் ஒன்பது மாதத்தில் முழுமையாகத் தேறினர். அம்மாத்திரை கொடுக்கப்படாதவர்களில் அந்த அளவு 82 விழுக்காடு. முதல் மூன்று நாட்களுக்குள் வாருங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இந்த எண்கள்தாம்.

நான் இயல்பு என்று சொன்ன ஒரு வலி

பல ஆண்டுகளுக்கு முன்பு, மேற்படிப்பை முடித்து வேறோர் ஊரில் பணியாற்றிய காலத்தில், அறுபது வயதை ஒட்டிய அம்மையார் ஒருவர் முகவாதத்துடன் வந்தார். நீண்டகாலச் சர்க்கரை நோயாளி. காது வலிக்கிறது என்றார். காதுத் துளை சற்று வீங்கிச் சிவந்திருந்தது. அரிப்புக்காகக் கொண்டை ஊசியால் குடைந்ததாகச் சொன்னதால், அதைச் சாதாரணக் காதுப்புண் என்று கருதிச் சொட்டுமருந்து எழுதிக் கொடுத்தேன். முகத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் தொடங்கினேன். மூன்றாம் வாரத்தில் அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்தார். முகம் அசையவில்லை, அம்மா இரவில் தூங்கவே இல்லை, சோற்றை மெல்லும்போது காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறார் என்றார். நரம்பு ஆறும்போது வலிக்கத்தான் செய்யும், போகப்போகக் குறையும் என்று பதில் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அவரை அழைத்து வந்தார்கள். காதுத் துளையின் அடிப்பகுதியில் சதை முளைத்திருந்தது. நாற்றமுள்ள நீர் கசிந்தது. சர்க்கரை அளவு மிக உயர்ந்திருந்தது. சி.டி. ஸ்கேனில் காதைத் தாங்கும் எலும்பே அரிக்கப்பட்டிருந்தது. அவருக்கு வந்தது பெல் வகை முகவாதமே அன்று. காதுத் துளையில் தொடங்கிய கிருமி எலும்பின் அடிப்பகுதி வழியே பரவி, முகநரம்பு வெளியேறும் துளையை எட்டியிருந்தது. நான் கொடுத்த ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றி, கிருமிக்கு வசதி செய்து கொடுத்திருந்தது.

1968-இல் அமெரிக்க மருத்துவர் சாண்ட்லர் விரிவாக எழுதிய நோய் இது. பெரும்பாலும் சர்க்கரை நோயுள்ள முதியவர்களுக்கு வருகிறது. ஈரமான இடங்களில் வாழும் சூடோமோனாஸ் என்ற கிருமி பெரும்பாலானவற்றுக்குக் காரணம். ஆங்கில அறிக்கையில் இந்நோயின் பெயரோடு ‘மாலிக்னன்ட்’ என்ற சொல் இருப்பதைப் பார்த்துப் புற்றுநோய் என்று குடும்பத்தார் கலங்கிப்போவதுண்டு. இது புற்றுநோய் அன்று, கடுமையான கிருமித்தொற்று. எனினும், முளைத்த சதையில் ஒரு துணுக்கை எடுத்து ஆய்வுக்கு அனுப்பிப் புற்று இல்லை என்று உறுதி செய்துகொள்வோம். சிகிச்சை ஆறு வாரமோ அதற்கு மேலோ நீளும். கிருமிக்கொல்லி மருந்தும் கண்டிப்பான சர்க்கரைக் கட்டுப்பாடும் வேண்டும். வலி குறைந்ததும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும்.

அந்த அம்மையார் பிழைத்தார். வலி தீர்ந்தது. முகம் முழுமையாகத் திரும்பவில்லை. அதன் பிறகு, சர்க்கரை நோய் உள்ளவர் காதுவலி நிற்கவில்லை என்றால் தொலைபேசியில் நான் ஆறுதல் சொல்வதில்லை, வரச் சொல்கிறேன். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே சர்க்கரை மாத்திரை பெறுபவர்கள், முகவாதத்துக்கு ஸ்டீராய்டு தொடங்கியிருந்தால் அதை மாத்திரை கொண்டுவருபவரிடம் சொல்லி, அந்நாட்களில் சர்க்கரையை அடிக்கடி அளக்கச் சொல்ல வேண்டும். பயந்து ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

வீக்கம் எங்கே?

“வீங்கியிருக்கிறது” என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் வீக்கம் இருப்பதில்லை. தசை தளர்ந்த கன்னம் தொங்கும். மென்ற சோறு கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் தங்கும். ஊசி போட்ட கன்னம்போல் தடித்த உணர்வு இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் இரு பக்கமும் ஒரே அளவாகவே தெரியும். மாதங்கள் கழித்துத் தசைகள் இறுகும்போதும் கன்னம் புடைத்தாற்போல் தோன்றுவதுண்டு.

உண்மையான வீக்கம் என்றால், அது எந்த இடத்தில் என்பதே எங்களுக்குப் பாதி விடையைத் தந்துவிடுகிறது. காதுக்குப் பின்னால் எலும்பின்மீது சிவந்து வீங்கி, காதுமடல் முன்னால் தள்ளப்பட்டிருந்தால் எலும்புக்குள் சீழ் பிடித்திருக்கிறது என்று கருத வேண்டும். அன்றே வர வேண்டும். சிறுவயது முதல் காதில் சீழ் வடியும் பழக்கமுள்ளவர்களிடம் இது கூடுதல். “அது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்” என்று அவர்கள் அலட்சியமாகச் சொல்லிவிடுகிறார்கள். நடுச்செவியில் தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் கொலஸ்டியட்டோமா என்ற நோய் அப்படித்தான் பல ஆண்டுகள் சத்தமின்றி இருந்து, ஒருநாள் முகநரம்பைத் தொடுகிறது. அதற்கு மாத்திரை போதாது. அறுவை சிகிச்சை வேண்டும்.

காதுக்கு முன்னாலோ, காதுச்சோணைக்குக் கீழேயோ வீக்கம் என்றால், பொன்னுக்கு வீங்கியில் வீங்குகிற அதே உமிழ்நீர்ச் சுரப்பியைப் பார்க்கிறோம். முகநரம்பு தன் கிளைகளைப் பிரிப்பது அந்தச் சுரப்பிக்குள்தான். அங்கே கையில் தட்டுப்படும் கட்டி இருந்து, முகமும் பல வாரங்களாகச் சிறிது சிறிதாகத் தளர்ந்து வந்தால், அக்கட்டி புற்றாக இருக்கக்கூடும். பெல் வகை முகவாதம் ஒருபோதும் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வருவதில்லை. கழுத்தில் நெறி கட்டியிருப்பது வேறு. காதுப்புண்ணோ பல்சொத்தையோ இருந்தாலும் நெறி கட்டும், புண் ஆறினால் அடங்கும்.

காதுமடலே சிவந்து வீங்கி, அதன் குழிவிலோ காதுத் துளையிலோ சிறு நீர்க்கொப்புளங்கள் தோன்றினால் அது அக்கி. சிறுவயதில் வந்துபோன சின்னம்மையின் கிருமி நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடந்து, பல ஆண்டுகள் கழித்து எழுவதால் வருவது. முகவாதத்தையும் காதில் வரும் அக்கியையும் இணைத்து 1907-இல் விளக்கிய அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராம்சே ஹன்ட்டின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. 2022-இல் பாடகர் ஜஸ்டின் பீபர் தமக்கு இந்நோய் என்று அறிவித்து, அசையாத பாதி முகத்தைக் காணொளியில் காட்டினார். அப்போது நம் பகுதி இளைஞர்கள் சிலரும் இதைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். இதில் வலி பெல் வகையைவிடக் கடுமையானது. தலைசுற்றலும் காது மந்தமும் சேரலாம். கொப்புளங்கள் முகம் கோணிய சில நாட்களுக்குப் பின்னும் வரலாம் என்பதால், முதல் நாள் பார்த்த மருத்துவரைக் குறை சொல்ல இயலாது. ஆனால் கொப்புளத்தைக் கண்டவுடன் மீண்டும் காட்ட வேண்டும். ஸ்டீராய்டுடன் அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தும் விரைவாகத் தேவை. கொப்புளம் காய்ந்து மாதங்கள் ஆன பிறகும் எரிச்சலும் குத்தலும் நிற்காவிட்டால், அது அக்கி விட்டுச்சென்ற நரம்புவலி. அதற்குச் சாதாரண வலிமாத்திரை கேட்காது. தனி மருந்துகள் உண்டு. அம்மை என்று கருதி வேப்பிலை வைத்துக் காத்திருக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. வேப்பிலை இருக்கட்டும்; மருந்தையும் அதே நாளில் தொடங்கிவிடுங்கள்.

அரிதானவை இரண்டைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். உதடும் கன்னமும் திரும்பத் திரும்ப வீங்கி, நாக்கில் ஆழமான பிளவுகளும் இருந்து, முகவாதமும் விட்டுவிட்டு வருவது மெல்கர்சன்–ரோசன்தால் என்ற நோய். மற்றொன்று தொழுநோய்: கண் மூடாமை, காதுச்சோணை தடித்தல், கழுத்துப் பக்கவாட்டில் கயிறுபோல் தடித்த நரம்பு ஆகியவை அதன் அறிகுறிகள். இந்த நோயின் பெயரைச் சொன்னாலே முகம் வாடுகிறது. ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே இலவசக் கூட்டு மருந்து கிடைக்கிறது, முழுமையாகக் குணமாகும்.

அஞ்ச வேண்டாத வலி

எதைப் பார்த்தாலும் அஞ்சும்படி எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. நீங்காத காதுவலியோடு வருபவர்களில் பலருக்குக் காது நன்றாகவே இருக்கிறது. வலி இருப்பது தாடை மூட்டில். அது காதுத் துளைக்கு நேர்முன்னால் உள்ளது. விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் நகர்வது தெரியும். முகவாதம் வந்தவர் மாதக்கணக்கில் ஒரே பக்கமாக மெல்லுகிறார். அந்த மூட்டு களைத்து வலிக்கிறது.

லாரி ஓட்டும் இளைஞர் ஒருவர் எட்டாம் வாரத்தில் முகம் ஏறக்குறைய நேரான நிலையில் காதுவலியோடு வந்தார். காதில் ஒன்றும் இல்லை. விசாரித்தால், சீக்கிரம் சரியாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் காலையிலிருந்து இரவு வரை சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார். போதாதென்று பலூனும் ஊதினார். மெல்லும் தசையை இயக்குவது முகநரம்பே அன்று, வேறொரு நரம்பு. ஆகவே சூயிங்கத்தால் முகத்துக்குப் பயனில்லை. பலூன் ஊதுவது போன்ற முரட்டுப் பயிற்சிகள், கண்ணை மூடினால் வாய் இழுக்கும் கோளாறைக் கூட்டலாம் என்பதால் இயன்முறை மருத்துவர்கள் அவற்றை விலக்கச் சொல்கிறார்கள். கண்ணாடி முன் அமர்ந்து மெதுவாக, சிறு அசைவுகளாக, அவர்கள் கற்றுத்தரும் பயிற்சியே போதும். அந்த இளைஞர் சூயிங்கத்தை விட்டார், மெத்தென்ற உணவுக்கு மாறினார். இரண்டு வாரத்தில் வலி போயிற்று.

காய்ச்சிய எண்ணெயையும் பூண்டுச் சாற்றையும் காதில் விடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வலி காதுத் துளைக்கு வெளியே இருக்கும்போது எண்ணெய் அங்கே எட்டுவதில்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கேடு செய்கிறது. மறுநாள் நாங்கள் காதுக்குள் பார்க்கவும் முடிவதில்லை. உணர்ச்சி மங்கிய தோலில் சூடான ஒத்தடம் வைத்துக் கொப்புளத்தோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வெதுவெதுப்பான துணி போதும்; அதன் சூட்டை வைப்பவர் தம் கையில் முதலில் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

எப்போது வர வேண்டும்?

காய்ச்சல், காதில் சீழ் அல்லது நீர், காதுக்குப் பின்னால் வீக்கம், தூக்கத்தைக் கெடுக்கும் வலி, தலைசுற்றல், திடீரென்று காது கேளாமை, கொப்புளம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த முறை வர வேண்டிய தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கும், சிறுநீரக மாற்று போன்றவற்றுக்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உண்பவர்களுக்கும் இரண்டு வாரத்தைத் தாண்டிய காதுவலியே போதுமான காரணம். மற்றவர்கள், மூன்று வாரமாகியும் முகத்தில் துளி அசைவும் தெரியாவிட்டால் காட்டிக்கொள்ளுங்கள். மூன்று மாதமாகியும் முகம் முழுமையாகத் தேறவில்லை என்றால் மறுபடியும் சிறப்பு மருத்துவர் பார்த்தாக வேண்டும்; எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைப்படலாம்.

காதைப் பற்றிப் பேசும்போது கண்ணை மறந்துவிடக் கூடாது. காதுவலி வாய்விட்டுக் கத்தும். மூடாத கண் சத்தமில்லாமல் கெடும். அறுப்புக் காலத்தில் சாலையெங்கும் வைக்கோல் தூசு பறக்கிறது. இரண்டு சக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருபவருக்கும் கண்ணாடி வேண்டும். பகலில் கண்ணீர்ச் சொட்டுமருந்தும், இரவில் களிம்பும், இமையை மூடி ஒட்டும் பிளாஸ்திரியும் முகம் தேறும் வரை தொடர வேண்டும். கண் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

வரும்போது முதல் நாளில் கொடுத்த சீட்டு, உண்ட மாத்திரைகளின் அட்டைகள், கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவு ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். வீட்டில் உள்ள ஒருவர் வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் எங்களுக்கு மிகவும் உதவும்: புருவத்தை உயர்த்தி ஒன்று, கண்களை மூடி ஒன்று, பல்லைக் காட்டி ஒன்று, காதுக்குப் பின்புறம் தெரிய ஒன்று. நான்காவது படத்தைப் பெரும்பாலோர் எடுப்பதில்லை. வீக்கம் என்று நீங்கள் சொல்வது கூடுகிறதா குறைகிறதா என்பதை நான் அதில்தான் முதலில் பார்ப்பேன்.